கூழுக்குத் தப்பியவை

விளக்குப் போட்டு அதிக நேரம் ஆகியிருக்காது, அந்தச் சத்தம் கேட்டது. தாள் கிழிகிற சத்தம். கோபத்தில் சரக்கென்று கிழிப்பது மாதிரி இல்லை. கனத்த தாள் ஒன்றை யாரோ இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கிழிக்கலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து மேலிருந்து கீழே இழுக்கிற மாதிரி, நீளமாக, கரகரவென்று. அப்புறம் ஒன்றுமில்லை. ராகிக் கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி ஜெசிந்தா அப்படியே உட்கார்ந்திருந்தாள். மடியில் இருந்த ரோஸ்லின், எட்டு மாதத்துப் பிள்ளை, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அடுத்த கரண்டிக்குக் காத்திருந்தது. வராததால் அம்மாவின் சங்கிலியில் தொங்கிய சிலுவையைப் பிடித்து வாய்க்குள் போட்டுக்கொண்டது. மறுபடியும் கிழிந்தது. வெளியிலா, உள்ளேயா, மாடியிலா? மேல்வீடு காலி, அதில் குடியிருந்தவர்கள் மாற்றலாகிப் போன பிறகு யாரும் வரவில்லை. பின்கதவுக்கு வெளியே மூங்கில் வேலி, வேலிக்கு அப்பால் காகித ஆலையின் கரும்புச் சக்கைக் குவியல். முன்கதவு சாத்தியிருக்கிறது. சாத்தித்தான் இருக்கிறது, தாழ்ப்பாள் போடவில்லை. போடக்கூடாது என்பது இந்த வீட்டில் ஐந்து மாதமாக நடக்கிற சட்டம். யார் வேண்டுமானாலும் ஒரு விரலால் தள்ளிக்கொண்டு உள்ளே வரலாம். வரட்டும் என்றுதான் அந்தச் சட்டமே.

சட்டம் போட்டது மாமியார். இன்று மத்தியானம் திண்டுக்கல் பஸ்ஸுக்குக் கிளம்பும்போதும் செருப்பை மாட்டிக்கொண்டே அதைத்தான் சொன்னாள், தாழ்ப்பாளில் கை வைக்காதே என்று. மகளுக்கு வலி கண்டுவிட்டது, போகாமல் இருக்க முடியாது, போகவும் மனசில்லை. எதிர்வீட்டு வசுமதி அக்காவைக் கூப்பிட்டு, வீட்டுச் சாவியை ஒப்படைக்கிற மாதிரி மருமகளை ஒப்படைத்துவிட்டுப் போனாள். அப்பப்ப எட்டிப் பாத்துக்கம்மா, பிள்ள அழுற சத்தம் நிக்காமக் கேட்டா உடனே உள்ள போயிரு. இதை ஜெசிந்தா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். புருஷன் அமலனுக்கு ஆலையில் இரண்டாம் ஷிஃப்ட், பத்து மணிக்கு மேல்தான் வருவான். ஆக, அந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக, ஒரு சாயங்காலம் முழுக்க, அவளும் பிள்ளையும் மட்டும். திருடனுக்குப் பயப்படுகிறவர்கள் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாம், அவர்களுக்கு அது உதவும். இந்தக் குடியிருப்பில் எல்லோரும் எவளுக்குப் பயப்படுகிறார்களோ, ஜெசிந்தாவும் எவளுக்குப் பயப்படுகிறாளோ, அவள் வீட்டுக்குள்ளேதான் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். அவளை உள்ளே வைத்துத் தாழ்ப்பாள் போட்டால் யாருக்கு லாபம்? சாப்பிடு தங்கம், என்று ஒரு கரண்டி ஊட்டினாள். குரல் நடுங்கவில்லை என்று கவனித்தாள். கவனித்ததும் நடுங்கியது.

கிழிகிற சத்தம் கேட்டால் அவளுக்குப் புத்தகம்தான் ஞாபகம் வரும், வேறென்ன வரும். இது கரும்புச் சக்கையையும் பழைய காகிதத்தையும் கரைத்துக் காகிதம் செய்கிற ஆலை. அமலன் இருப்பது பழைய காகிதப் பிரிவில். லாரி லாரியாக வந்து இறங்கும் கட்டுகளின் கம்பியை வெட்டிவிட்டு, பெல்ட்டில் தள்ளுவது. பெல்ட் போய் ஒரு பெரிய தொட்டியில் கவிழ்க்கும். தொட்டிக்குள் எல்லாம் சுழன்று சுழன்று சாம்பல் நிறக் கூழாகும். பரீட்சைத்தாள், கல்யாணப் பத்திரிகை, மருந்துப் பெட்டி, ஆபீஸ் குப்பை, நடுநடுவே புத்தகம். போன வருஷம் இதே மழைக்காலத்தில் அவளுக்கு ஐந்தாம் மாசம். எல்லோருக்கும் நின்றுபோகிற வாந்தி அவளுக்கு நிற்கவில்லை. படிக்க ஏதாவது இருந்தா குமட்டல் மறந்துபோகும் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள், அவ்வளவுதான். மறுநாள் அமலன் சாப்பாட்டுப் பையிலிருந்து காலி டிபன் பாக்ஸை எடுத்தான், அதற்கடியிலிருந்து ஒரு புத்தகத்தையும் எடுத்தான். அட்டை இல்லை. பழைய பேப்பர்க்காரர்கள் அட்டையைத் தனியாகக் கிழித்து விற்றுவிடுவார்களாம், அதற்கு விலை வேறயாம். அட்டையோடு பேரும் போய்விடும், எழுதியவர் பேரும் போய்விடும். பல சமயம் முதல் பக்கங்களும் கடைசிப் பக்கங்களும் கூடவே போய்விடும். கேட்டில் செக்யூரிட்டி பையைத் திறந்து பார்த்துவிட்டு இது எதுக்கு என்று கேட்டாராம். அடுப்புப் பத்த வைக்க என்றானாம் இவன். ஏன்யா உன் வீட்ல கேஸ் இல்லையா என்று அவர் சிரித்துவிட்டு விட்டுவிட்டாராம். அதைச் சொல்லிவிட்டு அமலனும் சிரித்தான். ஐடிஐ முடித்த பிறகு ஒரு புத்தகம் பிரித்துப் பார்க்காதவன். அவன் சட்டையில் கூழ் வாசனை, ஈரச் சாக்கும் சுண்ணாம்பும் கலந்த மாதிரி. அந்த வாசனைக்கு மட்டும் அவளுக்கு வாந்தி வரவில்லை.

அப்படி ஆரம்பித்த வருஷம் அது. முதலில் வந்தது ஒரு துப்பறியும் கதை. மலை பங்களா, விஷம் வைத்த பால், ஆறு பேர்மேல் சந்தேகம். கொலைகாரன் யார் என்று சொல்கிற இடத்தில் புத்தகம் தீர்ந்துவிட்டது. ராத்திரி அமலனுக்குக் கதையைச் சொன்னாள். சமையல்காரன்தான் என்று அவன் அடித்துச் சொன்னான், பால் காய்ச்சினவன் அவன்தானே. அவளுக்குத் தம்பிமேல் சந்தேகம். இரண்டு நாள் வழக்கு நடந்து, சமையல்காரனை விடுதலை செய்தார்கள். அப்புறம் ஒரு சரித்திரக் கதை, இளவரசன் குதிரையை வெளியே கட்டிவிட்டுச் சுரங்கத்துக்குள் இறங்கினான், இன்னும் அங்கேதான் இருக்கிறான். அப்புறம் யாரோ பனிமலைக்குப் போய்வந்த கதை. அதைப் படிக்கும்போது கரூர் வெயிலில் அவளுக்கு உதடு வெடிக்கும். ஒரு சமையல் புத்தகத்தை நாவல் மாதிரி முதலிலிருந்து கடைசிவரை படித்தாள், சாப்பிட முடியாத வாயோடு, வதக்கவும் தாளிக்கவும் இறக்கவும் என்று ஒவ்வொரு வாக்கியமாக நாக்கில் வைத்துப் பார்த்து. பேய்க்கதை ஒன்றை வெளிச்சம் இருக்கும்போது மட்டும் படித்துவிட்டு, ராத்திரி அரிசி டிரம்முக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். கவிதைப் புத்தகம் ஒன்று வந்தது; அதில் யாரோ பென்சிலால் ஓரத்தில், ஆமாம், ஆமாம் என்று எழுதியிருந்தார்கள். கவிதைகள் மறந்துவிட்டன. அந்த இரண்டு ஆமாம் மட்டும் ஞாபகம் இருக்கிறது, யாரிடம் யார் சொன்னது, எந்த ஊரில், விளக்கு எரிந்ததா. வயிற்றுக்குள் பிள்ளை உதைக்கும். காலை நீட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டு, தாழ்ப்பாள் போட்ட இந்த வீட்டுக்குள், அமலன் வருகிறவரை ஒருவரும் கூப்பிடாத அந்த மத்தியானங்கள். இப்போது நினைத்தால் அடிவயிற்றில் ஏதோ இழுக்கிறது, பசி மாதிரி. அம்மா செத்தபோதுகூட இப்படி இழுத்ததில்லையோ என்று தோன்றியதும், சே, என்ன நினைப்பு இது, என்று சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். கையில் ஒட்டியிருந்த கஞ்சி நெற்றியில் ஒட்டியது.

அம்மா செத்த பிறகுதான் அப்பா அவளைத் திருச்சியில் சிஸ்டர்களிடம் சேர்த்தார். ஹாஸ்டலில் நாற்பது கட்டில், கக்கூஸைத் தவிர எதற்கும் தாழ்ப்பாள் கிடையாது, அதிலும் அதிக நேரம் இருந்தால் தட்டுவார்கள். நூலகம் லியோனி சிஸ்டர் பொறுப்பில் இருந்தது. நல்ல மனுஷி. ஆனால் ஒவ்வொரு கதைப் புத்தகத்தையும் தான் முதலில் படித்து, பிள்ளைகள் பார்க்கக்கூடாத இடம் வந்தால் அந்த இரண்டு பக்கத்தையும் மைதாப் பசை தடவி ஒன்றோடொன்று ஒட்டிவிடுவார். கிழிப்பது பாவம், புத்தகமும் ஒரு படைப்புத்தானே, ஒட்டலாம். பிள்ளைகள் ஒட்டின பக்கத்தை ஜன்னலில் வைத்து வெளிச்சத்தில் பார்ப்பார்கள். இரண்டு பக்கத்து எழுத்தும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி எறும்புக் கூட்டமாகத் தெரியும். மற்றவர்கள் விட்டுவிடுவார்கள், ஜெசிந்தா விடமாட்டாள். படுக்கையில் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பக்கத்தைத் தானே எழுதுவாள், வரி வரியாக. சிஸ்டர் மறைத்ததைவிட அவள் எழுதிக்கொண்டது எப்போதும் அதிகமாக இருந்தது. பிற்காலத்தில் அதே புத்தகம் வெளியில் கிடைத்துப் பார்த்தால், அந்த இடத்தில் ஒரு முத்தம் இருக்கும், இல்லாவிட்டால் யாரோ ஒருவன் கடவுளைத் திட்டியிருப்பான். இதற்காகவா இவ்வளவு பசை என்றிருக்கும். ஆனால் பழக்கம் பழக்கம்தான். இல்லாத பக்கத்தைப் பார்த்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது.

கதவு தள்ளப்பட்டது. சத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று புத்திக்குத் தெரிந்தாலும் உடம்பு பிள்ளையை இழுத்து நெஞ்சோடு அணைத்துவிட்டது. வசுமதி அக்காதான். கறிவேப்பிலை இருக்குதா என்று கேட்டுக்கொண்டே கண்ணால் பிள்ளையைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தரம் தடவிப் பார்த்தாள். அவள் வீட்டு வாசலில் கறிவேப்பிலை மரமே நிற்கிறது. ஜெசிந்தா ஃபிரிட்ஜிலிருந்து ஒரு கொத்து எடுத்துக் கொடுத்தாள். அக்கா அதை வெட்கத்தோடு வாங்கிக்கொண்டாள். அப்போது மறுபடி கிழிந்தது. ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அக்கா சிரித்தாள்.

"இதுக்கா இப்படி முழிக்கிற? கூகைதான் கண்ணு அது, ஆந்தை. மேல்வீட்டுப் பரண்ல குஞ்சு பொரிச்சிருக்குது. புதுக் குடித்தனம், வாடகையும் இல்ல, கரண்டு பில்லும் இல்ல, ராத்திரியானா சோத்துக்குக் கத்துதுங்க."

கூகை கத்தினால் வீட்டுக்கு ஆகாதே என்று ஜெசிந்தா மெதுவாகக் கேட்டாள். ஆகாதுதான், ஆனா அதுக்கும் பிள்ளைங்க இருக்குதே, என்ன பண்றது என்றாள் அக்கா. பிறகு, நான் சீரியல் முடிஞ்சதும் ஒருக்கா வரேன், கதவு இப்படியே இருக்கட்டும் என்று, சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுப் போனாள். கதவு இப்படியே இருந்தது. கூகை என்று தெரிந்துவிட்டது, பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை, இருந்த இடத்திலிருந்து எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்துகொண்டது. வெளியே ஒன்றுமில்லை என்றால் மிச்சம் இருப்பது உள்ளேதான்.

பிள்ளை பிறந்தபோது பிரசவம் பார்க்கத் தாய்வீடு இல்லாததால் மாமியார் இங்கேயே வந்தாள். நன்றாகத்தான் பார்த்தாள், பத்தியச் சோறு, பூண்டுக் குழம்பு, காதில் பஞ்சு, தலையில் கட்டு. ஒன்றே ஒன்று: பிள்ளை பெத்தவள் படிக்கக்கூடாது. பச்சை உடம்பில் எழுத்தைப் பார்த்தால் கண் நரம்பு தளர்ந்துபோகும், அப்புறம் ஊசியில் நூல் கோக்கக்கூட முடியாது. காலண்டரில் தேதி பார்த்தால்கூட, என்ன தேதின்னு எங்கிட்டக் கேளு என்பாள். அமலன் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று பார்த்துவிட்டு, டிபன் பையில் கொண்டுவருவதை நேராகக் குளியலறையில் கவிழ்த்து வைத்த அண்டாவுக்கு அடியில் வைக்க ஆரம்பித்தான். பிள்ளை தூங்கும்போது, துணி அலசுகிறேன் என்று போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து நாலு பக்கம். அப்படி ஒருநாள் வந்ததுதான் வீட்டு வைத்தியப் புத்தகம் ஒன்று. அவனுக்கு எந்தப் புத்தகம் என்ன என்று தெரியாது, அட்டை இருந்தால்தானே தெரியும். அதில் படம் போட்டிருந்தது, பிள்ளைக்கு ஆகும் என்று நினைத்து எடுத்து வந்தான். அதற்குள் ஜெசிந்தாவுக்கு அது ஆரம்பித்திருந்தது. தூக்கம் வராதது, காரணமில்லாமல் அழுகை வருவது, அதெல்லாம் சரி. அது வேறு. பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது, துணி காயப்போட்டுவிட்டு மொட்டைமாடிப் படியில் தூக்கிக்கொண்டு இறங்கும்போது, எங்கிருந்தோ இரண்டு வார்த்தை வரும்: கை விட்டால்? யார் கேட்கிறார்கள் என்று தெரியாது. தன் குரல்தான், ஆனால் தான் கேட்கவில்லை. உள்ளங்கை வேர்த்துவிடும். வேர்த்த கை வழுக்கும் என்று இன்னும் பயம் வரும்.

புத்தகத்தில் அது இருந்தது. பிரசவத்துக்குப் பின் மனம் என்று தலைப்பு. இவளை ஜன்னல் வழியாகப் பார்த்து எழுதின மாதிரி ஒவ்வொன்றாகப் போட்டிருந்தது, தூக்கம், அழுகை, நெஞ்சு படபடப்பு, குழந்தையைப் பற்றித் தாயே விரும்பாத பயங்கர எண்ணங்கள். விரும்பாத என்ற அந்த ஒரு வார்த்தைக்கு அவள் முத்தம் கொடுத்திருப்பாள். குழாய்த் தண்ணீர் வாளி நிரம்பித் தரையில் வழிந்தது, அவள் படித்துக்கொண்டே போனாள், பக்கத்தின் கடைசி வரி: இத்தகைய எண்ணங்கள் தோன்றும் தாய்மார்கள் தங்கள் குழந்தையை. அவ்வளவுதான். அடுத்த தாள் இல்லை. அதற்கடுத்த தாளில் வயிற்றுப்போக்கு, கொதித்து ஆறின தண்ணீரில் உப்பும் சர்க்கரையும். தங்கள் குழந்தையை. தங்கள் குழந்தையை என்ன? புத்தகத்தைத் தலைகீழாக உதறினாள், அண்டாவைப் புரட்டினாள். அன்று ராத்திரி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே அந்தப் பக்கத்தை எழுத ஆரம்பித்தாள். எழுதாதே என்று சொல்லச் சொல்ல எழுதினாள். லியோனி சிஸ்டர் இருந்திருந்தால் நாற்பது பக்கத்தை ஒட்டவேண்டி வந்திருக்கும். பத்து நாளில், அது தானே எழுதினது என்பதே மறந்துபோய், அச்சில் படித்த மாதிரி ஆகிவிட்டது. அச்சில் வந்தால் நிஜம்தானே.

பிறகு அந்த நாள். பொழுது சாய்கிற நேரம், மாமியார் கோயிலுக்குப் போயிருந்தாள். ஜெசிந்தா பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள், சும்மா, எதுவும் நடக்கவில்லை, அந்த இரண்டு வார்த்தை வந்தது, வழக்கமாகப் போய்விடும், அன்று போகவில்லை. பிள்ளையைத் தொட்டிலில் படுக்க வைத்தாள். இரண்டு பக்கமும் தலையணை வைத்தாள், தொட்டில் கயிற்றை இழுத்துப் பார்த்தாள். குளியலறைக்குள் போனாள், தாழ்ப்பாள் போட்டாள். இப்போது நடுவில் ஒரு கதவு இருக்கிறது, பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. பிள்ளை அழ ஆரம்பித்தது. அழட்டும், அழுகிற வரைக்கும் உயிரோடு இருக்கிறது. மாமியார் வந்து தட்டினாள், திற என்றாள், அப்புறம் வசுமதி அக்கா, அப்புறம் அக்காவின் வீட்டுக்காரர் கடப்பாரையோடு. திறந்தால் அவள் வெளியே வந்துவிடுவாளே என்று இவர்களுக்கு எப்படிச் சொல்வது? கதவு உடைந்தது. கவிழ்ந்த அண்டாவின் மேல் புத்தகம் இருந்தது. மாமியார் அதைப் பார்த்தாள், எல்லோரும் பார்த்தார்கள். பிள்ளையக் கதற விட்டுட்டுக் கதவச் சாத்திக்கிட்டுப் படிச்சுக்கிட்டு இருந்திருக்கா. படிக்காதேன்னு சொன்னேனே, பச்ச உடம்புல படிச்சுப் புத்தி பேதலிச்சுப் போச்சு. ஜெசிந்தா மறுத்துப் பேசவில்லை. நிஜத்தைவிட அது எவ்வளவோ லேசாக இருந்தது. படிப்புப் பைத்தியம் என்று பேர் வாங்குவது எவ்வளவு மரியாதை. குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றி எடுத்தார்கள், முன்கதவுக்குச் சட்டம் வந்தது, புத்தகங்கள் எல்லாம் ஒரு சாக்கில் கட்டி ஆலைக்கே திரும்பிப் போயின. இளவரசன், பனிமலை, விடுதலையான சமையல்காரன், இரண்டு ஆமாம், எல்லாம் தொட்டிக்குள் சுழன்றிருக்கும்.

கரூரில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனான் அமலன். அந்த அம்மாள் மாமியாரையும் அவனையும் வெளியே அனுப்பிவிட்டு, வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். ஜெசிந்தா சொன்னாள், பாதிக்கு மேல் சொன்னாள். மாத்திரை எழுதிக் கொடுத்தார், மாதாமாதம் வரச் சொன்னார், இந்த எண்ணம் ஆசை இல்லம்மா, பயம்தான் இப்படி வேஷம் போட்டுக்கிட்டு வருது, எத்தனையோ பேருக்கு வரும், வெளியில சொல்ல மாட்டாங்க என்றார். எண்ணம் இறுகிப்போனால், தூக்கமே இல்லாமல் போனால் ராத்திரி எந்த நேரமானாலும் போன் பண்ணு என்று நம்பர் கொடுத்தார். ஜெசிந்தாவுக்குக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்த வரியை ஒப்பித்துவிட்டு, அடுத்த பக்கத்தில் என்ன டாக்டர் இருந்திருக்கும் என்றாள். அவர் சிரித்துவிட்டு, தங்கள் குழந்தையைத் தூங்கவிடாமல் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், வேறென்ன என்றார். வீடு வருகிறவரை அதைப் பிடித்துக்கொண்டு வந்தாள், பஸ்ஸில் அழுகை வந்தது, நல்ல அழுகை. வீட்டுப் படி ஏறும்போதுதான் உறைத்தது, டாக்டரும் அந்தப் பக்கத்தைப் படித்ததில்லை. அவரும் எழுதிக்கொண்டதுதான். நல்ல மனசோடு எழுதினது, ஆனாலும் எழுதினது. மாத்திரை வேலை செய்தது, தூக்கம் வந்தது, இரண்டு வார்த்தை எப்போதாவதுதான் வந்தது. ஆனால் ஐந்து மாதமாக அவளை யாரும் பிள்ளையோடு தனியாக விடவில்லை. விட்டுப் பார்த்தால்தானே தெரியும். இந்த ஐந்து மாதத்தில் அவள் படித்தது ஜெபப் புத்தகம், மிக்சர் மடித்து வந்த காகிதம், பால் மாவு டப்பாவின் நான்கு பக்கம், மாத்திரைக்குள் மடித்திருக்கும் பொடி எழுத்துத் தாள். அமலன் எதுவும் கொண்டுவரவில்லை. டிபன் பாக்ஸுக்கு அடியில் ஒன்றும் இல்லை. அவள் கேட்கவில்லை, அவன் சொல்லவில்லை. தினமும் அவன் பையை வைக்கிற சத்தத்திலேயே தெரிந்துவிடும், காலிப் பை என்று. அப்போதும் அந்த இழுப்பு, அதே இடத்தில். அவளுக்கு வேண்டியது புத்தகம்கூட இல்லை. தாழ்ப்பாள். தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உள்ளே இருக்கிற ஒருத்தி, பயப்படத் தேவையில்லாத ஒருத்தி, அவள்.

ரோஸ்லின் முகமெல்லாம் கஞ்சி, கழுவியாக வேண்டும். வெந்நீரும் பச்சைத் தண்ணீருமாகக் கலந்து, புறங்கையில் ஊற்றிப் பார்த்து, அகலப் பாத்திரத்தில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மாமியார் இருந்தால் இதை அவள்தான் செய்வாள். பிள்ளை தண்ணீரைப் பார்த்ததும் இரண்டு கையாலும் அடித்தது. வந்துவிட்டது. கை விட்டால்? கதவருகில் வந்து நிற்கிற கடன்காரன் மாதிரி வந்து நின்றது. ஜெசிந்தா எழுந்து ஓடவில்லை. ஓடுவதற்கு இன்றைக்குத் தாழ்ப்பாள் உள்ள அறையும் இல்லை, பிள்ளையை வாங்கிக்கொள்ள ஆளும் இல்லை. விட்டால் விழும், என்றாள் வாய்விட்டு. விட மாட்டேன். பிள்ளை, தன்னிடம்தான் பேசுகிறாள் என்று நினைத்து ஏதோ பதில் சொன்னது. கன்னத்தைத் துடைத்தாள், கழுத்து மடிப்பில் ஒளிந்திருந்த கஞ்சியைத் துடைத்தாள், விரலிடுக்கைப் பிரித்துப் பிரித்துத் துடைத்தாள். அது நின்றுகொண்டே இருந்தது. நிற்கட்டும். துண்டால் ஒற்றி, பவுடர் போட்டு, ஜட்டி மாட்டி, ஒரு பொத்தான் அறுந்த சட்டைக்கு ஊக்குக் குத்தலாமா என்று யோசித்து, ஊக்கு வேண்டாம் என்று வேறு சட்டையைத் தேடி எடுத்து மாட்டுகிறபோதுதான் கவனித்தாள், அது எப்போது போனது என்றே தெரியவில்லை. வேலை மும்முரத்தில் யாரும் வா என்று சொல்லாததால் போயிருக்கும். பிள்ளை தோளில் சாய்ந்துகொண்டது. அதன் மூச்சில் ராகி வாசனை. மேலே கூகைக் குஞ்சுகள் சோற்றுக்குக் கத்தின.

போன் அடித்தது. அமலன். பின்னால் இயந்திரங்களின் இரைச்சல். அடுத்த ஷிஃப்ட்டுக்கு வரவேண்டிய ரிலீவர் லீவு போட்டுவிட்டான், டபுள் ஷிஃப்ட் போடச் சொல்கிறார்கள், மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன், ஆளே இல்லை, காலை ஆறு மணிக்குத்தான் வர முடியும் என்று ஒரே மூச்சில் சொன்னான். சொல்லிவிட்டு நின்றான். பிள்ளை என்ன செய்கிறது என்று கேட்டான், தூங்கப் போகிறது என்றாள். சாப்பிட்டதா என்றான், சாப்பிட்டது என்றாள். வசுமதி அக்காவை ராத்திரி அங்கே வந்து படுத்துக்கொள்ளச் சொல்லட்டுமா என்று, ரொம்ப சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டான்.

"வேண்டாங்க."

இரைச்சல் மட்டும் கேட்டது. பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும், ஏதேதோ அதில் போய்க்கொண்டிருக்கும். இதைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது என்று ஜெசிந்தாவுக்குத் தெரிந்தது.

"அன்னிக்கு நான் பாத்ரூம்ல படிச்சுக்கிட்டு இருக்கலங்க."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நான் வந்து சைக்கிள நிறுத்தறப்ப கதவ உடைச்சுக்கிட்டு இருந்தாங்கல்ல. பாத்ரூம் சுவிட்சு வெளியதான இருக்கு. போடவே இல்ல. உள்ள கும்மிருட்டு. இருட்டுல என்னத்தப் படிப்ப?"

அவனே மேலே பேசினான், இயந்திரத்துக்கு மேலாகக் கத்த வேண்டியிருந்ததால் ரகசியத்தையும் கத்தியே சொன்னான். நீயே சொல்லுவாய் என்று காத்திருந்தானாம். அந்தப் புத்தகத்தில் என்ன இருந்தது என்று தெரியாமலே எடுத்து வந்துவிட்டோமே என்று இருந்ததாம். அதற்கப்புறம் கட்டைப் பிரித்துப் புத்தகம் எதைப் பார்த்தாலும் பயமாம், எதில் என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும், தள்ளிவிட்டுவிடுவானாம். ஐந்து மாதமாக அந்த வீட்டில் பயந்துகொண்டிருந்தது தான் ஒருத்தி மட்டும் என்று ஜெசிந்தா நினைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, நான் கதவத் தாழ்ப்பாள் போட்டுக்கப் போறேன்."

யாரோ அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், இருய்யா என்றான்.

"பிள்ள உள்ளதான?"

"என் தோள்ல."

"போட்டுட்டா வெளியிலிருந்து தொறக்க முடியாது ஜெசி. காலைல நான் வந்து தட்டுவேன். நீதான் தொறக்கணும்."

"தொறக்கிறேன்."

"அக்காவுக்குப் போன் பண்ணி நானே சொல்லிர்றேன். இல்லன்னா கடப்பாரையத் தூக்கிட்டு வந்துரும் அந்த அண்ணன்."

சிரித்தான். சிரித்தானா, அழுதானா, இரைச்சலில் தெரியவில்லை. போனை வைத்தாள். எதிர்வீட்டில் சீரியல் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டில் போன் மணி அடிப்பதும், பாட்டைக் குறைப்பதும், வசுமதி அக்கா, அப்படியா தம்பி, போடட்டும் போடட்டும் என்று சொல்வதும் கேட்டது. ஜெசிந்தா பிள்ளையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டாள். ஐந்து மாதமாக யாரும் தொடாத தாழ்ப்பாள், உடைத்த குளியலறைக் கதவைச் சரிசெய்தபோது இதற்கும் சேர்த்து அடித்த பெயிண்ட் அதன்மேல் பொருக்காக உறைந்திருந்தது. இழுத்தாள், வரவில்லை. பிள்ளை விழித்துவிடுமோ என்று நின்றாள். மறுபடியும், கதவைத் தோளால் கொஞ்சம் அழுத்திக்கொண்டு, கட்டை விரலால் மேலே தூக்கித் தள்ளினாள். பெயிண்ட் தூளாக உதிர்ந்தது. தாழ்ப்பாள் வழுக்கிக்கொண்டு போய் அதன் துளையில், இரும்பில் இரும்பு படுகிற ஒரு சின்னச் சத்தத்தோடு, விழுந்தது.